முழங்கைக்கு மேல் கட்டிய நெறியும் வீட்டுப் பூனையும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வயது மகளுக்கு வலது முழங்கைக்கு மேலே, கையின் உட்புறத்தில், மூன்று வாரமாக ஒரு கட்டி. தொட்டால் வலிக்கிறது என்கிறாள். நடுவில் இரண்டு நாள் இலேசான காய்ச்சலும் இருந்தது. ஹட்டனில் ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) செய்தபோது 3.0 × 2.0 × 1.8 சென்டிமீட்டர் அளவில் வீங்கிய நிணநீர்க்கணு, அதாவது நெறி, என்றும், நடுப்பகுதி இளகியிருக்கிறது என்றும், காசநோயோ லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயோ இல்லை என்று அறுதியாகச் சொல்ல முடியாது என்றும், கண்டியில் எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது என்றும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், வீட்டில் மூன்று மாதப் பூனைக்குட்டி ஒன்று இருப்பதையும், ஒரு மாதத்துக்கு முன் அது பிள்ளையின் கையைக் கீறியதையும் எழுதியிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ. கட்டாயமா, இது புற்றுநோயா, பூனையை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள்.

நான் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற வைத்தியன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பூனைக்குட்டிதான். ஸ்கேன் படம் நோயின் பெயரைச் சொல்லாது. கணு எவ்வளவு பெரிது, உள்ளே இருப்பது சதையா திரவமா, விளிம்பு தெளிவாக இருக்கிறதா, இரத்தம் எந்தப் பக்கமாக ஓடுகிறது, சுற்றியுள்ள கொழுப்பு எப்படி இருக்கிறது, இவ்வளவைத்தான் அது சொல்லும். ஏறக்குறைய ஒரே படத்தை நாலைந்து நோய்கள் கொடுக்கும். அவற்றில் எது என்று பிரித்துக் காட்டுவது பிள்ளைக்கு நடந்த கதை. அந்தக் கதை ஸ்கேன் செய்தவரின் காதுக்குப் போகவில்லை என்று ரிப்போர்ட்டைப் படித்தாலே தெரிகிறது. போயிருந்தால் லிம்ஃபோமாவுக்கு முன்னால் பூனைக்கீறல் நோய் என்று எழுதியிருப்பார். அவர் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஸ்கேனுக்கு அனுப்பும் துண்டில் ‘கையில் கட்டி’ என்று மட்டும் இருந்தால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

நோயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பார்ட்டனெல்லா ஹென்செலே என்ற பாக்டீரியாதான் காரணம். பூனைத் தெள்ளு ஒரு பூனையின் இரத்தத்தைக் குடித்து இன்னொரு பூனைக்கு இதைக் கொண்டுபோகிறது. தெள்ளின் எச்சம் பூனையின் ரோமத்திலும் நக இடுக்கிலும் ஒட்டியிருக்கும். நகம் நம் தோலைக் கிழிக்கும்போது அதுவும் சேர்ந்து உள்ளே போய்விடும். பூனைக்கு இதனால் வெளியே தெரிகிற நோய் எதுவும் பெரும்பாலும் வராது. நன்றாகச் சாப்பிட்டு ஓடி விளையாடுகிற குட்டியின் இரத்தத்திலும் இந்தக் கிருமி இருக்கலாம். வளர்ந்த பூனையைவிட ஒரு வயதுக்குட்பட்ட குட்டியிடம்தான் இது அதிகம். அதோடு குட்டிதானே நகத்தை உள்ளே இழுக்கத் தெரியாமல் எல்லோரையும் பிறாண்டும். பாரிஸில் குழந்தை வைத்தியராக இருந்த ரொபேர் தெப்ரே 1950இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தார். கிருமியைக் கண்ணால் பார்க்க 1983 வரை ஆகிவிட்டது. வெள்ளிச் சாயம் ஏற்றிய கணுத் துண்டில்தான் அது அகப்பட்டது.

நம் பக்கத்தில் பூனை இல்லாத லயம் குறைவு. அரிசியும் மாவும் வைத்திருக்கிற காம்பராவில் எலிக்குக் காவல் அதுதானே. மழைக் காலத்தில் அடுப்படியில் படுத்திருக்கும், அடுப்பு அணைந்ததும் பிள்ளைகளின் கம்பளிக்குள் வந்து புகுந்துகொள்ளும், தெள்ளும் கூடவே வரும். அதனால் பூனை கீறியதை யாரும் ஒரு விஷயமாக எடுப்பதில்லை. கையில் அடி ஏதும் பட்டதா என்று கேட்டால் தாய்மார் ‘ஒன்றும் இல்லையே’ என்பார்கள். வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறதா என்று கேட்டால் பிள்ளை உடனே கையை நீட்டிக் காட்டும். பெரியவர்களிடம் இது இன்னும் சிக்கல். கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணின் முன்கையில் தேயிலை வாது கீறிய கோடுகள் எப்போதும் இருக்கும். காலில் அட்டை கடித்த தழும்புகள். இதில் எது பூனை கீறியது என்று அவருக்கே தெரியாது.

காலக் கணக்கும் மறதிக்கு வசதியாக அமைந்துவிடுகிறது. கீறிய இடத்தில் 3 முதல் 10 நாளுக்குள் சிவப்பாக ஒரு சின்னப் பரு வரும். அதை நுளம்புக்கடி என்று விட்டுவிடுவோம். அது வந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் நெறி கட்டும், சிலருக்கு இன்னும் தாமதமாகவும் வரும். அதற்குள் கீறல் ஆறி ஒரு கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். எங்கே நெறி கட்டும் என்பது எங்கே கீறியது என்பதைப் பொறுத்தது. முகத்தில் கீறினால் காதுக்கு முன்னாலோ தாடைக்குக் கீழோ, காலில் கீறினால் தொடை இடுக்கில், கையில் கீறினால் பெரும்பாலும் அக்குளில். உங்கள் மகளுக்கு வந்த இடம் கொஞ்சம் விசேஷமானது. சுண்டுவிரல் பக்கத்துக் கையிலிருந்தும் முன்கையிலிருந்தும் வருகிற நிணநீர், அக்குளுக்குப் போகும் வழியில், முழங்கைக்குச் சற்று மேலே உட்புறத்தில் உள்ள கணுவில் தங்கிப் போகும். சாதாரணமாக அந்தக் கணு கைக்குத் தட்டுப்படவே படாது. பிள்ளைகளுக்கு அங்கே திடீரென்று வலியோடு ஒரு கட்டி வந்தால் பூனையைப் பற்றிக் கேட்காமல் விடக்கூடாது. மகளின் கையைத் திருப்பிப் பாருங்கள். தழும்பு சுண்டுவிரல் பக்கம் இருந்தால் கதை நன்றாகவே பொருந்துகிறது.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். கையைச் சற்று அகற்றி, உட்புறம் மேலே தெரியும்படி வைத்து, ஜெல்லைத் தடவுவோம். (நுவரெலியாவில் டிசம்பர் காலையில் ஜெல் போத்தலைச் சுடுநீரில் வைத்து எடுக்காவிட்டால் எந்தப் பிள்ளையும் கையைக் கொடுக்காது.) தோலுக்குப் பக்கத்தில் உள்ளதைப் பார்க்க, 7 முதல் 15 மெகாஹேர்ட்ஸ் வரை அதிர்வெண் உள்ள தட்டையான புரோப் (தோலில் வைத்துப் பார்க்கிற கருவி) வேண்டும். வயிற்றைப் பார்க்கிற வளைந்த புரோபை வைத்துக் கையைப் பார்த்தால் பாதி விவரம் தெரியாமல் போய்விடும். முழங்கைக்கு இரண்டு மூன்று விரற்கிடை மேலே வைத்ததும் முதலில் ஒரு கறுப்பு வட்டம் தெரியும். அது நாளம், மெல்ல அழுத்தினால் சப்பையாகி மறைந்துவிடும். அதை ஒட்டி, அழுத்தினாலும் மறையாமல் நிற்பதுதான் கணு.

ஆரோக்கியமான கணு அவரை விதை மாதிரி இருக்கும். வெளிப்பக்கம் இருண்ட விளிம்பு, ஒரு பக்கம் சிறு பள்ளம், அந்தப் பள்ளத்திலிருந்து நடுவுக்கு ஓடும் வெண்மையான கொழுப்புக் கோடு. இரத்தக்குழாய் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைந்து கிளை விடும். அதை டொப்ளரில் நிறமாகப் பார்க்கலாம். கிருமியோடு போராடுகிற கணு பெருக்கும், இன்னும் இருளும், ஆனால் அந்தப் பள்ளமும் வெள்ளைக் கோடும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். பூனைக்கீறல் நோயில் இரத்த ஓட்டம் கூடிப்போய் டொப்ளரில் நிறம் பொங்கித் தெரியும். அதைவிட நான் தேடுவது கணுவுக்கு வெளியே. சுற்றியுள்ள கொழுப்பு நீர்கோத்து, வெளிறி, தடித்து, எல்லை மங்கிப் போயிருக்கும். கணு 2 சென்டிமீட்டர்தான் இருக்கும், சுற்றுவீக்கம் அதற்கு அப்பாலும் தோலடி வரை பரந்திருக்கும். கட்டியின் அளவுக்குப் பொருந்தாத இந்தச் சுற்றுவீக்கம் தொற்றின் பக்கம் கைகாட்டுகிற அடையாளம்.

உங்கள் ரிப்போர்ட்டில் நடுப்பகுதி இளகியிருப்பதாக இருக்கிறது அல்லவா, அந்த வார்த்தைதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். பூனைக்கீறல் நோயில் அது வழக்கமாகவே நடக்கிறது. கணுவின் உள்ளே சிறு சிறு சீழ்ப் பொட்டுகள் உண்டாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் ஒரு குழியாகும். பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்குச் சற்று அதிகமானவர்களுக்கு அது முழுச் சீழ்க்கட்டியாகவே மாறும். புரோபை இலேசாக அழுத்தி அழுத்தி விட்டால் அந்த இருண்ட குழிக்குள் பொடிப் பொடியான புள்ளிகள் சுழல்வது திரையில் தெரியும். சுழன்றால் அது சீழ், ஊசியால் எடுக்கலாம். சுழலவில்லை என்றால் இன்னும் இளகிக்கொண்டிருக்கிற சதை, அவசரப்பட்டு ஊசி போட்டாலும் எதுவும் வராது. இந்த ஒரு விஷயத்தில் எம்.ஆர்.ஐ.யும் சாதாரண ஸ்கேனுக்கு ஈடாகாது. அசைவதை நேரில் பார்ப்பது இதில் மட்டும்தான்.

லிம்ஃபோமா என்ற பெயர் ஏன் வந்தது? அதிலும் கணு இருண்டு பெருக்கும், இரத்த ஓட்டம் கூடும். ஆனால் லிம்ஃபோமாக் கணு உருண்டு திரண்டு வரும், வெள்ளைக் கோடு அழிந்துபோகும், வலி பொதுவாக இருக்காது, சுற்றுக் கொழுப்பு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் நிற்காமல் கழுத்து, நெஞ்சு, அக்குள் என்று வேறு இடங்களிலும் தென்படக்கூடும். நீளத்தைக் குறுக்களவால் வகுத்துப் பார்ப்பது ஒரு பழைய வழக்கம். 2க்கு மேல் வந்தால் நீண்ட கணு, நல்ல சகுனம். மகளுக்கு 3.0ஐ 1.8ஆல் வகுத்தால் 1.7 அளவில் வருகிறது. அதாவது கொஞ்சம் உருண்டிருக்கிறது. உள்ளே சீழ் சேர்கிற கணு உருளத்தான் செய்யும், அதனால் அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால் எண் அப்படி வந்திருக்கும்போது ‘லிம்ஃபோமா இல்லவே இல்லை’ என்று கதை தெரியாத ஒருவர் எழுதமாட்டார்.

காசநோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் உண்மையான குழப்பம் இங்கேதான். நெருக்கமான காம்பராக்களில் இருமுகிற ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்களுக்குப் பரவ. நுரையீரலுக்கு வெளியே காசநோய் அதிகம் போய் உட்காருகிற இடங்களில் நிணநீர்க்கணுவும் ஒன்று, அதிலும் கழுத்து. காசநோய்க் கணுவும் நடுவில் இளகும், பூனைக்கீறல் கணுவும் இளகும். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் இரண்டிலும் கிரானுலோமா என்ற ஒரே மாதிரியான அமைப்புத்தான். அப்படியானால் எப்படிப் பிரிப்பது? காசநோயில் பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக நிற்கும். வலியும் சூடும் குறைவு, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும், சிலவற்றில் சுண்ணாம்பு படிந்த வெண்பொட்டுகள் தெரியும். பூனைக்கீறலில் ஒன்றிரண்டு கணுக்கள், சில நாளிலேயே வேகமாகப் பெருப்பது, நல்ல வலி. இது பொதுவான போக்குத்தான், விலக்குகள் உண்டு. அதனால் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுப்பதும், வீட்டில் யாருக்காவது நாட்பட்ட இருமல் உண்டா என்று பார்ப்பதும் வீண் வேலை இல்லை. ஊசியால் எடுத்த சீழை ஜீன் எக்ஸ்பேர்ட் பரிசோதனைக்கு அனுப்பினால் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாம். என் சொந்த அபிப்பிராயம் ஒன்று: கிரானுலோமா என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையை ஆறு மாதக் காசநோய் மருந்தில் போடுவதற்கு முன்னால், பூனை இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். அப்படியே மறுபக்கமும்: பூனை இருக்கிறது என்பதற்காகக் காசநோயைத் தேடாமல் விடவும் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைக்குழந்தைக்கு இடது அக்குளில் நெறி கட்டினால் பூனையைத் தேட வேண்டாம். பிறந்தவுடன் இடது கையில் போட்ட பீ.சீ.ஜீ. என்ற காசநோய்த் தடுப்பூசியால் வந்திருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் பின்கழுத்தில் வருகிற சின்னச் சின்ன நெறிகளுக்குத் தலைப்பேனும் தலைப்புண்ணுமே காரணமாக இருப்பது சகஜம். காய்ச்சல் கடுமையாக அடித்து, உடம்பில் தடிப்பு வந்து, அக்குளிலோ தொடை இடுக்கிலோ உடுப்புக்குள்ளோ கறுத்த பொருக்கு ஒன்று தெரிந்தால், அது உண்ணியாலோ அதைவிடச் சிறிய பூச்சியாலோ வருகிற ரிக்கெட்சியாக் காய்ச்சலாக இருக்கலாம். அது மலைநாட்டில் உண்டு. மருந்தும் வேறு, அவசரமும் வேறு.

இப்போது எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். பிள்ளையின் கதை ஒன்றோடொன்று பொருந்தி, சாதாரண ஸ்கேனில் அது கணுதான் என்று தெளிவாகத் தெரிந்தால், எம்.ஆர்.ஐ. புதிதாகச் சொல்லப்போவது அதிகமில்லை. கணு தசையின் நிறத்தில் ஒரு படத்திலும், பிரகாசமாக இன்னொரு படத்திலும் தெரியும், சுற்றுவீக்கம் தசைகளுக்கு இடையே நீளமாக ஓடுவது தெரியும், மருந்து ஏற்றினால் விளிம்பு ஒளிர்ந்து நடுப்பகுதி இருண்டிருக்கும். பார்க்க அழகான படம். ஆனால் அந்தப் படமும் கிருமியின் பெயரைச் சொல்லாது. பெட் (PET) ஸ்கேனும் அப்படித்தான். தொற்றும் லிம்ஃபோமாவும் அதில் ஒரே மாதிரி ஒளிரும். எம்.ஆர்.ஐ. உண்மையில் உதவுவது வேறு சந்தர்ப்பங்களில்: கட்டி கணுவா, தசையிலிருந்தோ நரம்பிலிருந்தோ கிளம்பியதா என்றே சந்தேகம் வரும்போது, கையில் விறைப்போ பலவீனமோ இருக்கும்போது, எலும்பில் வலி இருக்கும்போது, சத்திரசிகிச்சைக்கு முன். முழங்கைக்கு மேலே வந்த இந்தக் கணுவைச் சதைப் புற்று என்று நினைத்து வெட்டி எடுத்து, பிறகு பூனைக்கீறல் என்று கண்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. அந்த மாதிரிச் சந்தேகம் உங்கள் சத்திரசிகிச்சை நிபுணருக்கு இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும் என்பதையும், முடியாவிட்டால் மயக்க மருந்து தேவைப்படும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஆகவே காசைக் கட்டிக் கண்டிக்கு ஓடுவதற்கு முன், டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலையிலோ குழந்தை வைத்திய நிபுணர் ஒருவரிடம் இந்த ரிப்போர்ட்டையும் பூனைக் கதையையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளினிக் துண்டில் பூனைக்குட்டி, கீறிய திகதி, எந்தக் கை என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த மூன்று விவரங்களோடு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், அக்குளையும் சேர்த்து. இரத்தத்தில் பார்ட்டனெல்லாவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (ஆன்டிபாடி) எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு. இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை எடுத்து அளவு ஏறுகிறதா என்று பார்ப்பது நல்லது. முடிவு வருவதற்குள் பல பிள்ளைகளுக்கு நெறியே வற்ற ஆரம்பித்துவிடும் என்பது வேறு விஷயம்.

வற்றுகிறதா என்பதை எப்படி அளப்பது? இதில் பெற்றோர் அடிக்கடி மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். இன்று 3.0 × 2.0 × 1.8 இருப்பது ஒரு மாதம் கழித்து 2.2 × 1.3 × 1.2 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை மட்டும் பார்த்தால் 3.0 போய் 2.2, ‘பெரிதாக ஒன்றும் குறையவில்லையே’ என்று தோன்றும். மூன்று அளவையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கணுவின் கனஅளவு வரும். முதலில் 5.6 மில்லிலீட்டர், பிறகு 1.8. மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வந்துவிட்டது! அதனால் ரிப்போர்ட்டில் மூன்று அளவுகளும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள், அடுத்த தடவை பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். முடிந்தால் அதே இடத்தில் செய்யுங்கள்.

மருந்து பற்றிய முக்கியமான ஆய்வும் இந்த அளவையே நம்பித்தான் நடந்தது. 1998இல் வெளியான அந்த ஆய்வில் 29 பேரில் 14 பேருக்கு அசித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் மருந்து ஐந்து நாளும், 15 பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்து, ஸ்கேனில் கணுவின் கனஅளவை அளந்தார்கள். 30 நாளுக்குள் 80 சதவீதம் சுருங்கியது மருந்து எடுத்தவர்களில் 7 பேருக்கு, வெற்று மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு. அதற்குப் பிறகு இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதாவது மருந்து கொஞ்சம் வேகப்படுத்தும். இல்லாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும், சிலருக்கு அதைவிட நீளும். மருந்து வேண்டுமா இல்லையா என்பதை உங்கள் டொக்டர் தீர்மானிக்கட்டும். பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

சீழ் சேர்ந்து தோல் பளபளவென்று இழுபட்டு நின்றால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சி எடுப்பதுதான் முறை. வலி அன்றைக்கே குறைந்துவிடும். கத்தியால் கீறித் திறந்துவிட்டால் அந்த வாய் மூடாமல் மாதக்கணக்கில் வடிந்துகொண்டிருக்கக்கூடும். வீட்டில் பாட்டி அமுக்கி விடுவதும், சுண்ணாம்பு பூசுவதும், சூடு வைப்பதும் அதே வாய் திறக்க வழிதான்.

எப்போது பொறுத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே நெறி வந்தால், கட்டி கல்லுப்போல இறுகி அசையாமல் நின்றால், நாலு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகும் பெருத்துக்கொண்டே போனால், உடம்பு மெலிந்து, இரவில் உடுப்பு நனைய வேர்த்தால், வேறு இடங்களிலும் நெறி கட்டினால், அப்போது திசுப் பரிசோதனைக்குத் தயங்க வேண்டாம். வாரக்கணக்கில் காய்ச்சல் விடாமல், வயிற்றுவலியும் சேர்ந்தால் வயிற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும். சில பிள்ளைகளுக்கு இதே கிருமி ஈரலிலும் மண்ணீரலிலும் போய், சில மில்லிமீட்டர் முதல் 3 சென்டிமீட்டர் வரை இருண்ட பொட்டுகளை உண்டாக்கும். அதைச் சாதாரண ஸ்கேனிலேயே பார்க்கலாம். தெளிவில்லாவிட்டால்தான் சி.டி., ஏனென்றால் சி.டி.யில் பிள்ளையின் உடம்புக்குக் கதிர் போகிறது, சாதாரண ஸ்கேனில் அது இல்லை. ஒரு கண் பார்வை திடீரென்று மங்கினாலோ வலிப்பு வந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இவை அரிது. வீட்டில் யாருக்காவது நோயெதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால், உதாரணமாகப் புற்றுநோய் மருந்து எடுப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், அவர்களுக்கு இந்த நோய் சாதாரணமானதாக இருக்காது. பூனைக்குட்டியோடு விளையாட விடாதீர்கள்.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: வலி, காலக் கணக்கு, இடம், குட்டி எல்லாம் பூனைக்கீறல் பக்கமே சாய்கின்றன. பிள்ளையைக் கையால் தொட்டுப் பார்க்காத நான் அதற்கு மேல் போகக்கூடாது.

பூனை விஷயத்தில் நெறியைவிட முக்கியமான ஒன்று விட்டுப்போகக்கூடாது. இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது, அது பூனையிடமிருந்தும் வரும். பூனை கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்த் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஒரு மாதம் முன் கீறியபோது நீங்கள் போயிருக்காவிட்டால் இப்போதும் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். குட்டி இன்றுவரை நோய்நொடி இல்லாமல் வீட்டில் ஓடித் திரிகிறது என்பது அவருக்கு உதவுகிற தகவல்.

குட்டியைக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டாம். விட்டால் இன்னொரு குட்டி வரும், எலி இருக்கிற வீட்டில் அது நிச்சயம். குட்டிக்கு அன்டிபயோட்டிக் மருந்து கொடுப்பதும் தேவையில்லை. தெள்ளை ஒழிப்பதுதான் வேலை. அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய் தெள்ளு மருந்து கேளுங்கள். நாய்க்கான மருந்தையும் தேயிலைக்கு அடிக்கிற மருந்தையும் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், செத்துப்போகும். அங்கேயே விசர்நோய்த் தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளுங்கள். கம்பளிகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயில் கிடைக்கிற நாளில் நன்றாகக் காய விடுங்கள். நகத்தின் கூர் முனையை மட்டும் வெட்டிவிடலாம், உள்ளே தெரிகிற இளஞ்சிவப்புப் பகுதியில் படாமல். மகள் அதோடு விளையாடலாம், கையை வைத்து மல்லுக்கட்டாமல் ஒரு கயிற்றையோ துணிப் பந்தையோ வைத்து. படுக்கைக்குள் மட்டும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.